'உடைகள் கண்ணைக் கவர்ந்தன' என்று எழுதுகிறவர்களுக்கு...

நாடக விமர்சனம் எழுதுகிறவர்களிடம் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். கதைக்கு நாலு பத்தி, நடிப்புக்கு மூன்று பத்தி, இசைக்கு ஒரு பத்தி எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசியில் போனால் போகிறது என்று ஒரு வரி: "உடைகள் கண்ணைக் கவர்ந்தன". சரித்திர நாடகமாக இருந்தால் "உடைகள் அந்தக் காலத்தை அப்படியே கண்முன் நிறுத்தின". அவ்வளவுதான். யார் வடிவமைத்தார், ஏன் அந்த நிறம், ஏன் அந்தத் துணி என்று ஒரு வார்த்தை இருக்காது.

இதை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாடகத்தை எழுதி, இயக்கி, நடித்து எல்லாம் முடித்த பிறகு சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி உடை என்பது கடைசியில் சேர்க்கிற சமாச்சாரம் என்ற நினைப்புதான் காரணம். இந்த நினைப்புக்குள் மூன்று தப்பான கருத்துகள் இருக்கின்றன.

1. உடை வெறும் அலங்காரம். நல்ல நடிகனுக்கு அது தேவையே இல்லை.
2. சரித்திர நாடகம் என்றால் பழைய ஓவியத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதான் வேலை.
3. ஃபேஷன் டிசைனர் செய்கிற அதே வேலைதான் இதுவும்.

மூன்றும் தப்பு என்று காட்டுவதற்கு ஒரே ஒரு மனிதரின் வேலையைப் பார்த்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். அவர் பெயர் பால் டாஸ்வெல். 2025 மார்ச்சில் 'விக்கெட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின ஆண். (முதல் கறுப்பினக் கலைஞர், 2019-ல் 'பிளாக் பாந்தர்' படத்துக்காக வாங்கிய ரூத் கார்ட்டர்.) ஆனால் ஆஸ்கரைப் பார்த்து அவரை சினிமாக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வளர்ந்தது முழுக்க நாடக மேடையில்.

ஏக்ரனிலிருந்து பிராட்வே வரை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்று ஒரு ஊர். டயர் கம்பெனிகளுக்குப் பேர் போனது. அங்கே 1964-ல் பிறந்தவர் டாஸ்வெல். சின்ன வயதிலேயே தையல் பழகினார். பள்ளியில் 'தி விஸ்' இசை நாடகத்துக்கு உடைகள் செய்தார். அதே சமயம் ஆடவும் நடிக்கவும் ஆசை. ஃபேஷன் படிக்க நியூயார்க் போய் பிராட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தொடரவில்லை. வட கரோலினாவில் இருக்கும் கலைக் கல்லூரிக்கு மாறி நாடக உடை வடிவமைப்பு படித்தார். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை.

இந்த மாற்றத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கால அமெரிக்க மேடையில் ஒரு கறுப்பின நடிகனுக்குக் கிடைக்கும் வேடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவன் தோலைப் பார்த்துத்தான் வேடம் கொடுப்பார்கள். உடை வடிவமைப்பாளனுக்கு அந்தச் சுவர் கிடையாது. ராஜா, பிச்சைக்காரன், கிழவி, சூனியக்காரி எல்லோரையும் அவன் உருவாக்கலாம். அதாவது நடிப்பை அவர் விட்டுவிடவில்லை. எல்லா வேடத்தையும் தானே போட்டுப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார் என்று சொல்லலாம்.

பிராட்வேயில் அவருடைய முதல் நாடகம் 1996-ல் வந்த 'பிரிங் இன் டா நாய்ஸ், பிரிங் இன் டா ஃபங்க்'. கறுப்பின மக்களின் வரலாற்றைக் காலால் தட்டி ஆடும் டேப் நடனத்தின் வழியாகச் சொன்ன நாடகம். அதற்கே டோனி விருதுக்குப் பரிந்துரை. பிறகு 2005-ல் 'தி கலர் பர்ப்பிள்', 2008-ல் 'இன் தி ஹைட்ஸ்'. இரண்டுக்கும் பரிந்துரை மட்டும்தான். கையில் விருது வந்தது 2016-ல், 'ஹாமில்டன்' நாடகத்துக்கு. முதல் பரிந்துரையிலிருந்து 20 வருடம்! ஒரே இரவில் ஸ்டார் ஆகிற கதை இந்தத் தொழிலில் கிடையாது.

பழைய ஓவியத்தைக் காப்பி அடிப்பதா வேலை?

'ஹாமில்டன்' 2015-ல் வந்தது. அமெரிக்காவின் முதல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கை. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டிய மனிதர். புதிய நாட்டின் கடனையும் வங்கியையும் ஒழுங்குபடுத்தியவர். லின் மானுவல் மிராண்டா இதை ராப் பாட்டுகளால் எழுதினார். வெள்ளைக்காரத் தலைவர்களின் வேடங்களில் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் நடித்தார்கள்.

இங்கேதான் உடை வடிவமைப்பாளருக்குச் சிக்கல். 18-ம் நூற்றாண்டு உடையை முழுசாகப் போட்டால், பவுடர் பூசிய விக் வைத்துக்கொண்டு ராப் பாடுகிற மாறுவேடப் போட்டி ஆகிவிடும். ஜீன்ஸ், டி-ஷர்ட் போட்டால் சரித்திரமே காணாமல் போய்விடும். டாஸ்வெல்லும் இயக்குனர் தாமஸ் கெய்லும் எடுத்த முடிவு இது: கழுத்துக்குக் கீழே 18-ம் நூற்றாண்டு, கழுத்துக்கு மேலே இன்றைய மனிதன். கோட்டு, வெயிஸ்ட் கோட்டு, முழங்கால் வரை கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் அந்தக் காலத்தது. தலைமுடி மட்டும் நடிகரின் சொந்த முடி, சொந்த முகம்.

அந்த நாடகத்தின் மொத்த வாதமும் இந்த ஒரு முடிவில் அடங்கிவிட்டது. 'அன்றைய கதை, அதைச் சொல்கிறவர்கள் இன்றைய அமெரிக்கர்கள்.' இதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. திரை விலகி ஆள் வந்து நின்றாலே பார்ப்பவனுக்குப் புரிந்துவிடுகிறது. சரித்திரத்தை அப்படியே காப்பி அடித்திருந்தால் இது நடந்திருக்காது. கொஞ்சம் தப்பாகச் செய்ததால்தான் சரியாக வந்தது.

நிறத்தைப் பாருங்கள். ஆடும் குழுவினருக்கு அடிப்படை உடை பழைய காகிதத்தோலின் வெளிறிய நிறம். சரித்திரம் எழுதப்படுவதற்கு முன் இருக்கிற வெற்றுத்தாள் மாதிரி. அதன் மேல் நீலக் கோட்டு மாட்டினால் அமெரிக்கப் படைவீரன், சிவப்புக் கோட்டு மாட்டினால் பிரிட்டிஷ் வீரன். பெண்களும் கால்சட்டை போட்டுக்கொண்டு போர்க்களத்தில் நிற்கிறார்கள். ஒரே ஆள் ஒரே இரவில் பல பேராக மாறுவதற்கு இந்த அடிப்படை உடைதான் வழி செய்கிறது.

ஸ்கைலர் சகோதரிகள் மூன்று பேர். ஏஞ்சலிகாவுக்கு இளஞ்சிவப்பு சாயல், எலைசாவுக்கு வெளிர்நீலம், பெக்கிக்கு மஞ்சள். முதல் பாட்டிலேயே யார் யார் என்று மனதில் பதிந்துவிடும். பெக்கியாக நடிக்கும் அதே நடிகைதான் இரண்டாம் பாதியில் ஹாமில்டனின் வாழ்க்கையைக் கவிழ்க்கும் மரியா ரெனால்ட்ஸ். அப்போது அவருக்குச் சிவப்பு உடை. மஞ்சள் போட்ட தங்கச்சியை ரசிகன் ஒரு நொடியில் மறந்துவிடுகிறான். இதை நடிப்பு மட்டுமே செய்தது என்று எந்த விமர்சகராவது சத்தியம் செய்வாரா?

முதல் பாதியில் பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டாக வருகிறவர் இரண்டாம் பாதியில் தாமஸ் ஜெஃபர்சன். ஊதா வெல்வெட் கோட்டில் ஒரு ராக் பாடகன் போல வந்து இறங்குகிறார். ஹாமில்டன் நிதிச் செயலாளர் ஆனதும் பச்சைப் பட்டு. டாலரின் நிறம்! மகன் இறந்த பிறகு கறுப்பு. ஒருவன் எழுந்ததும் விழுந்ததும் அவன் கோட்டிலேயே எழுதியிருக்கிறது.

இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ் மட்டும் கிரீடம், வெண்ரோமம் வைத்த அங்கி என்று முழு அலங்காரத்தில் வருகிறார். 'அந்தக் காலத்தை அப்படியே கண்முன் நிறுத்தும்' உடை யாருக்குக் கிடைத்தது பார்த்தீர்களா? நாடகத்தில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிற ஆளுக்கு. அந்தப் பாரத்தோடு அவரால் ஆடவும் முடியாது, நின்ற இடத்தில் நின்று பாடத்தான் முடியும். மற்றவர்கள் ஓடி ஆடி ஒரு நாட்டையே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு அரசியல் கருத்தை எப்படிச் சொல்வது?

'நல்ல நடிகனுக்கு உடை எதற்கு?'

இப்படிக் கேட்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. போலந்து நாட்டு இயக்குனர் யெர்சி குரோடோவ்ஸ்கியே கேட்டார். ஒப்பனை, உடை, விளக்கு, அரங்க அமைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் நாடகம் உயிரோடு இருக்கும், நடிகனும் பார்ப்பவனும் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். 'ஏழை நாடகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். இந்த வாதத்தை மரியாதையோடுதான் எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அவர் 1962-ல் போட்ட 'அக்ரோபாலிஸ்' நாடகத்தில் என்ன நடந்தது?

அந்த நாடகத்தை அவர் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குள் நடப்பதாக மாற்றினார். அதற்கு உடை வடிவமைத்தவர் யூசெஃப் ஷைனா. அவரே ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்து உயிர் பிழைத்தவர். ஓட்டை போட்ட சாக்குத் துணி, மரச் செருப்பு, ஒரு தொப்பி. எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஓட்டைகளுக்கு உள்ளே கிழிந்த சதை மாதிரி தெரியும்படி வேறு துணி வைத்துத் தைத்தார்கள். ஆணா பெண்ணா, கிழவனா இளைஞனா என்று தெரியாது. மனிதனை எண்ணாக மாற்றிய ஒரு இடத்தை அந்தச் சாக்கு காட்டியது. ஆக, உடை தேவையில்லை என்று சொன்னவரின் புகழ்பெற்ற நாடகத்திலேயே உடைதான் பாதி வேலை செய்திருக்கிறது. காசு செலவில்லாத உடை என்று வேண்டுமானால் சொல்லலாம். யோசனை செலவில்லாத உடை என்று சொல்ல முடியாது.

இன்னொரு உதாரணம், 1975-ல் வந்த 'எ கோரஸ் லைன்'. வேலை கேட்டு வந்து வரிசையில் நிற்கிற நடனக்காரர்களின் கதை. எல்லோரும் பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளும் சாதாரண உடையில் நிற்பார்கள். அவரவர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். கிரீஸில் பிறந்த தியோனி ஆல்ட்ரெட்ஜ் என்ற வடிவமைப்பாளர், நடிகர்கள் ஒத்திகைக்கு உண்மையில் எதைப் போட்டு வருகிறார்கள் என்று கவனித்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு உடையை வடிவமைத்தார். இவர் கூச்சக்காரர், இவர் திமிர் பிடித்தவர் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கடைசிக் காட்சியில் எல்லோரும் ஒரே மாதிரி தங்க நிற உடையில் வந்து ஆடுவார்கள். ரசிகன் கை தட்டுவான். தட்டும்போதே வயிற்றைப் பிசையும். இரண்டு மணி நேரமாகத் தனித்தனி மனிதர்களாகத் தெரிந்தவர்கள் ஒரு நொடியில் அடையாளம் இல்லாத கூட்டமாகிவிட்டார்கள் என்பதால்.

அந்த வருடம் 'எ கோரஸ் லைன்' 9 டோனி விருதுகளை அள்ளியது. உடைக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது ஃபுளாரன்ஸ் குளோட்ஸின் 'பசிஃபிக் ஓவர்சர்ஸ்' நாடகத்துக்குப் போனது. ஜப்பானிய மேடை மரபில் செய்த பிரமாதமான உடைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு உண்மை மிச்சம் இருக்கிறது. உடை 'உடை' மாதிரித் தெரிந்தால்தான் பரிசு. வடிவமைத்ததே தெரியாமல் வடிவமைத்தால் கை தட்டு மட்டும்தான், அதுவும் வேறு யாருக்கோ!

ஃபேஷனும் இதுவும் ஒன்றா?

ஃபேஷன் டிசைனர் ஒரு உடையைச் செய்து கடையில் மாட்டுகிறார். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மேடை உடை ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு, ஒரு குறிப்பிட்ட பாத்திரத்துக்கு, ஒரு குறிப்பிட்ட நிமிடத்துக்குச் செய்வது. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சிகள். அதே கோட்டு வாரத்துக்கு 8 முறை வியர்வையில் நனைய வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் உருள வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே புரியும். முதலில் நாடகப் பிரதியைப் படிப்பது. எந்தக் காட்சியில் யார், எவ்வளவு நேரம், அடுத்த காட்சிக்குள் எத்தனை நிமிடம் என்று ஒரு அட்டவணை போடுவது. இயக்குனரோடு பேச்சு. பிறகு ஆராய்ச்சி, ஓவியம், துணி மாதிரிகள். நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் காடாத் துணியில் வெட்டித் தைத்து நடிகரின் உடம்பில் போட்டுப் பார்க்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள். கையைத் தூக்கினால் கோட்டு முழுக்க மேலே ஏறக் கூடாது என்பதற்காக அக்குளில் ஒரு துண்டு சேர்த்துத் தைப்பார்கள். முன்பக்கம் பத்து பட்டன் தெரியும். அத்தனையும் பொய்! அடியில் ஜிப்போ, அழுத்துகிற பட்டனோ இருக்கும். இருட்டில் அரை நிமிடத்தில் மாற்ற வேண்டுமே. மைக் வைக்க இடம் வேண்டும். முக்கிய நடிகருக்குக் காய்ச்சல் வந்தால் பதிலுக்கு ஆடுபவருக்கும் அதே உடை அவர் அளவில் தயாராக இருக்க வேண்டும். தினம் துவைக்க முடியாத உடைகளின் வியர்வை நாற்றம் போக மலிவான வோட்காவைத் தெளிப்பது அந்த ஊர் மேடைக்குப் பின்னால் சர்வ சாதாரணம்.

ஃபேஷன் படிக்கப் போய், ஆடவும் ஆசைப்பட்ட ஒருவர் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. துணி தெரிந்தவருக்கு உடம்பும் தெரிந்திருந்தது. இரண்டும் தெரியாமல் இந்த வேலை ஆகாது.

கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது?

வணிகவியல் முதலாண்டிலேயே ஒரு வித்தியாசம் சொல்லித் தருகிறார்கள். சில செலவுகள் அன்றோடு தீர்ந்துவிடும். சில செலவுகள் வருடக்கணக்கில் பலன் தரும். முதல் வகையை வருவாயினச் செலவு என்றும் இரண்டாவதை மூலதனச் செலவு என்றும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் கணக்கே தப்பு.

நாடகத் தயாரிப்பில் உடை என்றதும் பலருக்கு முதல் வகைதான் நினைவுக்கு வருகிறது. துணிக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, சலவைக்கு இவ்வளவு. ஆனால் 'ஹாமில்டன்' நியூயார்க்கோடு நிற்கவில்லை. 2016-ல் சிகாகோ, 2017-ல் லண்டன், 2021-ல் சிட்னி என்று போனது. நடிகர்கள் மாறினார்கள், பாடுகிறவர்கள் மாறினார்கள். பாட்டும் வசனமும் எப்படிக் கூடவே போயினவோ அப்படியே டாஸ்வெல்லின் உடைகளும் போயின. ஊர் ஊராகப் போய்ப் பலன் தருகிற ஒன்றை அன்றாடச் செலவில் எழுதுவது எந்த ஊர்க் கணக்கு?

சட்டமும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம்தான். பாட்டு எழுதியவனுக்குப் பதிப்புரிமை உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் உடை என்பது 'பயன்பாட்டுப் பொருள்'. அதன் வெட்டுக்கும் வடிவத்துக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. விளையாட்டு மைதானத்தில் ஆடும் சியர்லீடர்களின் சீருடை பற்றிய ஒரு வழக்கில், 2017-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் துணியின் மேல் இருக்கும் கோடு, நிற அமைப்பு போன்றவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தால் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. உடையின் வடிவம் அப்போதும் வெளியேதான் நின்றது. அக்குளில் துண்டு வைத்துத் தைக்கிற அந்த மூளைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

பிராட்வேயில் நாடகம் ஓடுகிற வாரங்களுக்கு வடிவமைப்பாளருக்குத் தொகை போய்ச் சேர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. அது தயாரிப்பாளர்களின் தாராள மனதால் வந்ததில்லை. யுனைடெட் சீனிக் ஆர்டிஸ்ட்ஸ் என்ற தொழிற்சங்கம் பேரம் பேசி வாங்கியது. சங்கம் இல்லாத இடத்தில் ஒரு தடவை கூலி, அதோடு சரி.

கடைசியாக...

இந்தியாவுக்கு முதன்முதலில் ஆஸ்கர் வாங்கித் தந்தது பாட்டோ நடிப்போ இல்லை. உடை வடிவமைப்பு. 'காந்தி' படத்துக்காக 1983-ல் பானு அத்தையா, ஜான் மோலோவுடன் சேர்ந்து வாங்கினார். அப்படிப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு உடையை ஒரு வரியில் முடிப்பது நியாயமா?

விமர்சகர்கள் ஒன்றும் தையல் கற்றுக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை நாடகம் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்த உடையில் இருந்து, ஒரு வசனமும் கேட்காமல், இந்த ஆளைப் பற்றி என்ன தெரிந்தது? நாடகம் முடிவதற்குள் உடையில் என்ன மாறியது, அப்போது கதையில் என்ன மாறியது? இந்த உடை நடிகரை எதைச் செய்ய விட்டது, எதைச் செய்ய விடாமல் தடுத்தது? பதில் கிடைத்தால் அதை எழுதட்டும். பதிலே கிடைக்காவிட்டால், உடை சரியில்லை என்று தைரியமாகத் திட்டட்டும். வடிவமைப்பாளரின் பெயரைப் போட்டே திட்டட்டும். பெயர் சொல்லித் திட்டு வாங்குவதும் ஒரு மரியாதைதான். பெயரே இல்லாமல் "கண்ணைக் கவர்ந்தன" என்று பாராட்டு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.